படிப்பது இலவசம், பில் எழுதியவருக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான்: பி.எச்டி. இரண்டாம் ஆண்டு. ஸ்கோபஸ் என்கிற ஆய்விதழ்ப் பட்டியலில் இருக்கிற ஜர்னலில் ஒரு பேப்பராவது வந்தாக வேண்டும் என்கிறார் கைடு. யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்கிற ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களில் நல்லவையோ, கட்டுரையைப் போட எழுதியவரிடம் லட்சத்தில் கேட்கின்றன. ஆறாயிரம் ரூபாய் கட்டினால் மூன்று நாளில் போட்டுத் தருகிறோம் என்று ஒரு மெயிலும் வந்திருக்கிறது. இன்னும் பத்து வருடத்தில் எல்லா ஜர்னலும் ஓப்பன் ஆக்சஸ் ஆகிவிடும் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்களாம். அது உண்மையா, உண்மையென்றால் என்னைப் போன்றவர்கள் எங்கே போய் எழுதுவது?

இதில் கடைசிப் பகுதிதான் சரியான கேள்வி. கருத்தரங்குகளில் பெரும்பாலும் முதல் பகுதிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

நான் கல்லூரி நூலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். அதில் ஒன்பது வருடம் ஒரு சின்ன ஆய்விதழையும் பக்கம் போட்டு, ரிவ்யூவர்களைத் துரத்தித் துரத்தி நடத்தினேன். ஆக, ஜர்னலுக்குக் காசு கட்டின பக்கமும் தெரியும், காசு வாங்காமல் ஜர்னல் நடத்தின பக்கமும் தெரியும். என் கணிப்பு: படிக்கிற விஷயத்தில் ஓப்பன் ஆக்சஸ் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது, திரும்பிப் போக வழியில்லை. எழுதுகிற விஷயத்தில்தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம். முன்பு சாப்பிட வந்தவர் காசு கொடுத்தார். இப்போது சமைத்தவரே இலைக்குக் காசு கட்ட வேண்டும் என்கிறார்கள். மண்டபக்காரருக்கு வர வேண்டிய வாடகை மட்டும் குறையவே இல்லை.

அந்த வாடகை எப்படி வந்தது என்று கொஞ்சம் பழைய கதை. லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் 1665இல் தொடங்கியது. அதிலிருந்து முந்நூறு வருடம் போல ஆய்விதழ் என்பது பெரிய லாபம் தராத, சங்கங்கள் நடத்துகிற ஒரு காரியம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசுகள் ஆராய்ச்சியில் பணத்தைக் கொட்டத் தொடங்கின. இதில் என்ன வியாபாரம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ராபர்ட் மேக்ஸ்வெல், பெர்கமான் பிரஸ்ஸின் முதலாளி. யோசித்துப் பாருங்கள்: கட்டுரை எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம், சரிபார்க்கிற ரிவ்யூவர் சும்மா செய்கிறார், ஆசிரியர் குழுவில் பெரும்பாலானோருக்குப் பெயர்தான் கூலி, கடைசியில் அதை வாங்குவதும் அதே பல்கலைக்கழக நூலகம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஒரு சோப்பு விலை ஏறினால் வேறு சோப்பு வாங்கலாம். ஒரு ஜர்னல் விலை ஏறினால் வேறு ஜர்னலில் அதே கட்டுரை கிடைக்காதே. பெரிய பதிப்பகமான எல்செவியரின் ஆய்விதழ்ப் பிரிவு வருடா வருடம் 37, 38 சதவீத லாப விகிதம் காட்டுவதற்குக் காரணம் இதுதான். மளிகைக் கடை வைத்திருக்கிறவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்.

மேக்ஸ்வெல் பெர்கமானை எல்செவியருக்கு 44 கோடி பவுண்டுக்கு விற்றது 1991இல். அதே 1991 ஆகஸ்டில்தான் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர், அச்சுக்குப் போகும் முன்பே கட்டுரைகளைப் போட்டுவைக்க ஒரு கம்ப்யூட்டரில் இடம் கொடுத்தார். அதுதான் ஆர்க்கைவ். 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் ஆட்கள் காலையில் பேப்பர் படிக்கிற மாதிரி அதைத்தான் முதலில் திறக்கிறார்கள். பாங்கரே கணிப்பு என்ற பழைய கணிதப் புதிரை நிரூபித்த பெரல்மான் 2002, 2003இல் தன் கட்டுரைகளை ஆர்க்கைவில் போட்டதோடு சரி, எந்த ஜர்னலுக்கும் அனுப்பவில்லை. நிரூபணம் நிரூபணம்தானே, உலகம் ஏற்றுக்கொண்டது. (நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் ஆய்வுக் குழு பெரல்மானை ஏற்றுக்கொண்டிருக்குமா என்பதே சந்தேகம்.)

2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம் வந்தது. ஓப்பன் ஆக்சஸ், தமிழில் திறந்த அணுக்கம், என்ற சொல் நிலைத்தது அங்கேதான். அதில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, கட்டுரை எந்த ஜர்னலில் வந்தாலும் எழுதியவர் தன் பிரதியை ஒரு இணையக் களஞ்சியத்தில் இலவசமாகப் போட்டுவைப்பது; பின்னாளில் இதற்குப் பச்சை வழி என்று பெயர் வந்தது. இன்னொன்று, ஜர்னலே திறந்ததாக இருப்பது. அது தங்க வழி. தங்க வழி என்றால் எழுதியவர் பணம் கட்ட வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. செலவுக்கு மானியம், சங்க நிதி, அறக்கட்டளை என்று பல வழிகளைச் சொல்லி, அதில் ஒன்றாக எழுதியவர் தரப்பிலிருந்து வரும் பணத்தையும் சொன்னார்கள். அந்த ஒன்றைப் பதிப்பகங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. ஏ.பி.சி. என்கிற கட்டுரைக் கட்டணம் இப்படித்தான் ஊர் முழுக்கப் பரவியது.

இப்போது விலையைப் பாருங்கள். நேச்சர் இதழ் 2020 நவம்பரில் ஓப்பன் ஆக்சஸ் கட்டணத்தை அறிவித்தபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. அன்றைய கணக்கில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். இங்கே ஆய்வு மாணவருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். சாப்பிடாமல், வாடகை கட்டாமல், பஸ் ஏறாமல் கிட்டத்தட்ட இரண்டு வருடம் சேர்த்தால் ஒரு கட்டுரை. சரி, நேச்சரை விடுங்கள், அது நம் தெருவில் வராத தேர். லாப நோக்கமில்லாத பிளாஸ் ஒன் இதழே 2,000 டாலருக்கு மேல் கேட்கிறது. ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி உண்டு என்பார்கள். உண்மைதான், ஆனால் பல பதிப்பகங்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கின்றன: நாட்டின் மொத்த ஜிடிபி ஒரு அளவுக்கு மேல் இருந்தால் அந்தப் பட்டியலில் வராது. நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிற நாட்டில் மொத்தம் பெரிதாகத்தானே இருக்கும்! அந்த நிபந்தனை தலைக்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. ஆக அந்தப் பதிப்பகங்களில் இந்தியாவின் ஸ்காலருக்கும் ஜெர்மனியின் ஸ்காலருக்கும் ஒரே பில்.

ஜெர்மனிக்காரர் அந்த பில்லைக் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. அவர்களுக்கு டீல் என்று ஒரு தேசிய ஏற்பாடு இருக்கிறது. வைலி பதிப்பகத்தோடு 2019இல் ஒப்பந்தம் போட்டார்கள், அடுத்து ஸ்பிரிங்கர் நேச்சர். எல்செவியரோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி 2023இல் முடித்தார்கள். படிப்பதற்கும் பிரசுரிப்பதற்கும் சேர்த்து ஒரே தொகை. எழுதியவர் ஒரு பட்டனை அழுத்தினால் கட்டுரை திறந்துவிடும். ஆய்வுக்குப் பணம் தருகிற ஐரோப்பிய அமைப்புகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து 2018 செப்டம்பரில் பிளான் எஸ் என்று அறிவித்தபோது, இந்த மாதிரி ஒப்பந்தங்கள் ஒரு பாலம்தான், பாலத்தைக் கடந்ததும் ஜர்னல்கள் முழுசாகத் திறந்துவிடும் என்றார்கள். பாலத்திலேயே கடை போட்டுவிட்டார்கள். பெரும்பாலான ஜர்னல்கள் பாதி சந்தா, பாதி கட்டணம் என்று இரண்டு கையிலும் வாங்குகிற நிலையிலேயே நின்றுவிட, 2024க்குப் பிறகு இந்த ஏற்பாடுகளுக்கு எங்கள் ஆதரவு இல்லை என்று அந்தக் கூட்டமைப்பே கையை எடுத்தது.

கட்டணத்தில் இன்னொரு கோளாறு உண்டு, உங்களுக்கு அது நேரடியாகத் தொடர்புள்ளது. சந்தா முறையில் பதிப்பகம் படிக்கிறவரைத் திருப்திப்படுத்த வேண்டும், குப்பையைப் போட்டால் சந்தா போய்விடும். ஏ.பி.சி. முறையில் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு வரவு; மறுத்துத் திருப்பி அனுப்பினால் நஷ்டம். இது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு ஹிந்தாவி ஒன்று போதும். கெய்ரோவில் தொடங்கி நன்றாகவே வளர்ந்த ஓப்பன் ஆக்சஸ் பதிப்பகம். வைலி 2021 ஜனவரியில் அதை 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. சிறப்பிதழ், சிறப்பிதழ் என்று விருந்தினர் ஆசிரியர்களை வைத்துப் போட்டுத் தள்ளியதில், காசுக்குப் பேப்பர் தயாரித்துக் கொடுக்கிற கும்பல்கள் உள்ளே புகுந்துவிட்டன. 2023 ஒரே வருடத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த வருடக் கடைசியில் ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது.

இந்தக் கும்பல்களின் கட்டுரைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? வேறொருவரின் கட்டுரையை எடுத்து, காப்பி என்று மென்பொருள் பிடித்துவிடக் கூடாதே என்று இன்னொரு மென்பொருளால் வார்த்தைக்கு வார்த்தை மாற்றுவார்கள். அது ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸை 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' என்று மாற்றிவைக்கும், அதாவது கள்ளநோட்டு மாதிரி கள்ள உணர்வு. மார்பகப் புற்றுநோய் 'பூசம் பெரில்' ஆகிவிடும், மார்புக்கு வந்த ஆபத்து. ஒரு ஆசிரியர், இரண்டு ரிவ்யூவர், ஒரு புரூஃப் திருத்துபவர் என்று நான்கு பேர் படித்ததாகச் சொல்லப்படுகிற கட்டுரையில் இப்படி அச்சாகியிருக்கிறது. ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

உங்களுக்கு வந்த ஆறாயிரம் ரூபாய் மெயில் இதன் நாட்டுச் சரக்கு. இந்த வியாபாரத்தில் நம் நாட்டுக்கும் நல்ல பங்கு உண்டு: ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் பதிப்பகக் குழுமத்துக்கு எதிராக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2019இல் அங்கே நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. யு.ஜி.சி.யே அங்கீகரித்த பட்டியல் என்று ஒன்றை வெளியிட்டு, 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 ஜர்னல்களைத் தூக்கியது. அப்புறம் கேர் பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதுவும் போனது. இனி அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். தமிழ்த் துறைக்காரர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் நன்றாகத் தெரியும்: பன்னாட்டுக் கருத்தரங்கம் என்று பேனர் கட்டி, கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கி, ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தலையணை கனத்துக்கு ஒரு தொகுதி போடுவது. அதை மேடையில் வெளியிடுகிறவர் உட்பட யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, இரண்டு வருடம் ஊர் ஊராகப் போய் எடுத்த களத்தரவை இப்படி ஒரு இதழில் கட்டணம் கட்டிப் போட்டுவிட்டார். கட்டுரை வந்த ஏழாவது மாதம் அந்த இணையதளமே காணாமல் போனது. வேறு நல்ல இதழுக்கு அனுப்பலாம் என்றால் ஏற்கெனவே பிரசுரமான கட்டுரையாயிற்றே, எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போனது பணம் மட்டுமாக இருந்திருந்தால் நான் இதை இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

இந்திய அரசு என்ன செய்கிறது என்றால், ஒரே நாடு ஒரே சந்தா. 2024 நவம்பர் 25 அன்று அமைச்சரவை ஒப்புதல், 2025 முதல் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்கள், 13,000 அளவில் ஜர்னல்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். இதைத் திட்டுகிறவர்கள் ஓப்பன் ஆக்சஸ் வட்டத்தில் நிறையப் பேர். எனக்கும் குறை உண்டு, ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு அரசுக் கலைக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இதன் அருமை தெரியும். ஒரு கட்டுரை வேண்டுமென்றால் ஐ.ஐ.டி.யில் படிக்கிற யாரோ ஒருவரின் நண்பரைப் பிடித்து, அவர் பி.டி.எஃப். எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதற்காகக் காத்திருந்த காலம் அது. இல்லையென்றால் சந்தாப் பூட்டை உடைத்துக் கட்டுரையைச் சும்மா தருகிற சை-ஹப் தளம். அதையும் எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூவரும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இழுத்துப் போய், 2025 ஆகஸ்டில் இந்தியாவில் முடக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

குறை என்னவென்றால், சுயநிதிக் கல்லூரிகள் இதில் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அரசு நிறுவனங்களில் இருந்து எழுதுகிறவர்கள் பணம் கட்டிப் பிரசுரிக்க வருடத்துக்கு 150 கோடி தனியாக வைத்திருக்கிறார்கள், அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. எல்லாவற்றையும் விட, இவ்வளவு பெரிய தொகையைக் கட்டுகிற வாடிக்கையாளர், எங்கள் நாட்டில் எழுதுகிறவர்களின் ஏற்கப்பட்ட பிரதிகளை (ஜர்னல் ஏற்றுக்கொண்ட, இன்னும் பக்கம் அமைக்காத வடிவத்தை) அன்றைக்கே களஞ்சியத்தில் போடுவோம், நீங்கள் தடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே அப்படிப் போட வேண்டும் என்று கொள்கை வைத்திருக்கின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே களஞ்சியம் தொடங்கியது. சென்னையிலிருந்து தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் இதையே வருடக்கணக்காக எழுதியும் பேசியும் வந்தார். கொள்கை இருக்கிறது, சர்வர் இருக்கிறது, போடத்தான் ஆள் இல்லை. ஏன் போடுவதில்லை? போடாவிட்டால் ஒன்றும் ஆகாது, அதனால்தான்.

எதிர்காலம் எந்தப் பக்கம் என்று கேட்டால், பச்சை வழி திரும்ப வருகிறது என்பேன். பத்து வருடம் முன்பு அதை இரண்டாந்தரம் என்று ஒதுக்கினவர்களே இப்போது அதற்கு வருகிறார்கள். மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற அமெரிக்காவின் என்.ஐ.எச். 2008இலிருந்தே தன் பணத்தில் நடந்த ஆய்வைப் பப்மெட் சென்ட்ரல் என்ற களஞ்சியத்தில் போடச் சொல்கிறது, ஆனால் பன்னிரண்டு மாதம் தாமதிக்கலாம் என்று பதிப்பகங்களுக்குச் சலுகை இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்தச் சலுகை இல்லை: ஜர்னலில் வருகிற அன்றே களஞ்சியத்திலும் வர வேண்டும். ஜப்பானும் 2025 நிதியாண்டிலிருந்து அரசுப் போட்டி நிதியில் வரும் கட்டுரைகளுக்கு இதே மாதிரி வைத்திருக்கிறது. கேட்ஸ் அறக்கட்டளை இன்னும் ஒரு படி மேலே போய், 2025இலிருந்து கட்டுரைக் கட்டணம் ஒரு பைசா தர மாட்டோம், ப்ரீபிரின்ட், அதாவது ஜர்னலுக்கு முந்தைய வடிவத்தைப் போடுங்கள், அது போதும் என்றுவிட்டது. பணம் கொடுத்துக்கொண்டிருந்த கையே மடங்கினால் விலை தானாக இறங்கும்.

அடுத்தது வைர வழி: படிக்கிறவருக்கும் இலவசம், எழுதுகிறவருக்கும் இலவசம். கேட்டால் கனவு மாதிரி இருக்கும், ஆனால் லத்தீன் அமெரிக்கா அதில்தான் வாழ்கிறது. பிரேசிலில் 1990களின் கடைசியில் தொடங்கிய சைலோவும் மெக்சிகோவின் ரெடாலிக்கும் பல்கலைக்கழகப் பணத்தில் ஓடுகிற இதழ்களைச் சேர்த்துவைத்த தளங்கள்; அங்கே ஜர்னல் நடத்துவதும் நூலகம் நடத்துவது மாதிரி பல்கலைக்கழகத்தின் வேலைகளில் ஒன்று. 2021இல் வந்த ஒரு ஆய்வு உலகம் முழுக்க 17,000 முதல் 29,000 வரை இப்படிப்பட்ட இதழ்கள் இருக்கும் என்று கணக்கிட்டது. இலங்கையின் ஆய்விதழ்களும் 2008இலிருந்து ஒரே தளத்தில் திறந்து கிடக்கின்றன.

ஆனால் வைரம் என்று பெயர் வைத்தவர் ஒருநாளும் அப்படி ஒரு இதழை நடத்தியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நாங்கள் நடத்தியது கனடாவின் பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் இலவசமாகத் தருகிற ஓ.ஜே.எஸ். மென்பொருளில். மென்பொருள் இலவசம், சர்வர் கல்லூரியுடையது, கட்டுரைக்கு நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண் ஒன்றுக்கு ஒரு டாலர், அதற்கு மேல் வருடச் சந்தா. இதெல்லாம் செலவே இல்லை. செலவு எங்கே என்றால், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வருகிற கட்டுரையில். அதை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். மேற்கோள் பாடல்களில் சந்தி பிரித்ததும் சேர்த்ததும் குழம்பும். ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டும். ஒரு கட்டுரைக்கு இரண்டு ராத்திரி. பதினோரு பேருக்கு ரிவ்யூ கேட்டு எழுதினால் இருவர் ஒத்துக்கொள்வார்கள், ஒருவர் அனுப்புவார், அதில் "நன்று" என்று ஒரே வார்த்தை இருக்கும். பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஓய்வு பெற்றார், எனக்கு வேறு பொறுப்பு வந்தது, இதழ் நின்றது. சர்வரை மாற்றியபோது பழைய இதழ்களின் லிங்க் எல்லாம் செத்துப்போய், அதை மீட்க நான் ஒரு கோடை விடுமுறையைச் செலவிட்டேன். வைர இதழ்களில் பல இப்படி ஒன்றிரண்டு பேர் தூக்கம் தொலைப்பதால்தான் ஓடுகின்றன. நிரந்தர ஆள் ஒருவர், பாதிச் சம்பளத்திலாவது, பல்கலைக்கழகத்தின் கணக்கில் வேண்டும். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் பத்து இதழ்களுக்கு இரண்டு ஆட்களை வைத்தால் ஆகிற செலவையும், மேலே சொன்ன கட்டணங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று யாருக்கு முக்கால் போகிறது என்று புரியும். 2023 ஏப்ரலில் நியூரோஇமேஜ் இதழின் ஆசிரியர் குழுவில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மொத்தமாக விலகினார்கள், கட்டணம் 3,450 டாலர், குறைக்கச் சொன்னால் எல்செவியர் குறைக்கவில்லை என்று. லாப நோக்கமில்லாத பதிப்பகத்தோடு புது இதழ் தொடங்கினார்கள், கட்டணம் பாதிக்கும் கீழே.

நடுவில் ஒரு நல்ல யோசனையும் உண்டு, பெயரே சந்தா கட்டித் திறப்பது. நூலகங்கள் வழக்கம்போலச் சந்தா கட்டினால் அந்த வருட இதழ் உலகத்துக்கே திறந்துவிடும், போதுமான பேர் கட்டாவிட்டால் பூட்டியே இருக்கும். ஆனுவல் ரிவ்யூஸ் பதிப்பகம் இப்படித்தான் தன் இதழ்களைத் திறக்கிறது. எல்லோரும் ஒழுங்காக மொய் எழுதினால்தான் பந்தி. எத்தனை வருடம் எழுதுவார்கள் என்று பார்ப்போம்.

ஏ.ஐ. பற்றியும் கேட்பீர்கள். பதிப்பகங்கள் தங்களிடம் இருக்கிற எழுத்தை ஏ.ஐ. பயிற்சிக்கு ஏற்கெனவே விற்கத் தொடங்கிவிட்டன: டெய்லர் அண்டு பிரான்சிஸின் தாய் நிறுவனம் 2024இல் மைக்ரோசாஃப்டோடு போட்ட ஒப்பந்தத்தில் முதல் தொகையே ஒரு கோடி டாலர். எழுதின பேராசிரியர்களில் பலருக்குச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தாயிற்றே, யாரைக் கேட்க வேண்டும்? இன்னொரு பக்கம், திறந்து வைத்த களஞ்சியங்களை ஏ.ஐ.க்குத் தரவு அள்ளுகிற தானியங்கி நிரல்கள் (போட்கள்) இரவு பகலாக மோதி, சின்ன சர்வர்கள் திணறுகின்றன. அதைத் தடுக்க வேலி போட்டால் நிஜமாகப் படிக்க வருகிறவரும் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதாகிறது.

இத்தனையிலும் பூட்டு எங்கே இருக்கிறது என்றால், பதிப்பகத்தின் கையில் பாதிதான். மீதி நம் பதவி உயர்வுக் குழுக்களின் கையில். ஈலைஃப் என்ற மதிப்புள்ள உயிரியல் இதழ் 2023இல், ரிவ்யூவுக்கு எடுத்த கட்டுரையை ஏற்பது மறுப்பது என்ற பேச்சே இல்லை, கட்டுரையையும் விமர்சனத்தையும் சேர்த்து வெளியிடுவோம், படிக்கிறவர் முடிவு செய்யட்டும் என்று மாறியது. அடுத்த வருடமே அதன் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது மேற்கோள் கணக்கை வைத்து ஜர்னலுக்குத் தருகிற மதிப்பெண், போவது முடிவாகிவிட்டது. இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத இதழில் எழுதினால் பல இடங்களில் அது வேலைக்குக் கணக்கில் வராது. நம் ஊரிலும் யு.ஜி.சி. 2022 விதிமுறையில் பி.எச்டி.க்குப் பேப்பர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது, ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை விடாமல் வைத்திருக்கின்றன. உங்கள் கைடைத் திட்டாதீர்கள், அவரையும் யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, பத்து வருடத்தில் எல்லாம் திறந்துவிடுமா என்றால், புதிதாக வருகிற கட்டுரைகளில் பெரும்பகுதி ஏதாவது ஒரு வடிவில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் என்றே நினைக்கிறேன். பழைய அச்சு இதழ்களும் நம் மொழி இதழ்களும் அந்தக் கணக்கில் பின்தங்கும். பிரசுரிக்கிற செலவு யார் தலையில் என்பதில் மட்டும் பந்தயம் கட்ட மாட்டேன்.

இனி உங்கள் விஷயம். முதலில் பல்கலைக்கழக விதிப் புத்தகத்தில் பேப்பர் உண்மையிலேயே கட்டாயமா, ஸ்கோபஸ்தான் வேண்டுமா, துறை ஏற்கிற வேறு இதழ் போதுமா என்று நீங்களே வாசியுங்கள், வாய்வழிச் செய்தியை நம்பாதீர்கள். அப்புறம், ஓப்பன் ஆக்சஸ் என்றால் காசு கட்டணும், ஸ்கோபஸ் என்றால் காசு கட்டணும் என்று ஒரு நினைப்பு நம் ஸ்காலர்களிடம் இருக்கிறது. இரண்டும் தப்பு. பழைய சந்தா ஜர்னல்களில் பெரும்பாலானவை எழுதுகிறவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. கட்டுரை ஏற்கப்பட்டதும் ஒரு படிவம் வரும், அதில் ஓப்பன் ஆக்சஸ் வேண்டுமா என்ற இடத்தில் வேண்டாம் என்று குறித்தால் தீர்ந்தது. அந்தப் பக்கத்தில் 'வேண்டும்' பட்டன் பெரிதாகக் கண்ணைப் பறிக்கும், 'வேண்டாம்' சின்னதாக ஓரத்தில் இருக்கும், நிதானமாகப் பாருங்கள். கட்டணமில்லாத திறந்த இதழ்கள் வேண்டுமென்றால் டி.ஓ.ஏ.ஜே. தளத்துக்குப் போங்கள். 20,000க்கும் மேல் இதழ்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லாதவை மட்டும் என்று வடிகட்டலாம். ஒரு இதழைப் பிடித்ததும் அதில் போன வருடம் வந்த இரண்டு கட்டுரையை முழுசாகப் படியுங்கள். மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

சந்தா இதழில் வந்தாலும் உங்கள் கட்டுரையை நீங்களே திறக்கலாம். ரிவ்யூவர் சொன்ன திருத்தமெல்லாம் செய்து, இதழாசிரியர் ஏற்றுக்கொண்ட, ஆனால் ஜர்னல் இன்னும் பக்கம் அமைக்காத அந்த வேர்டு ஃபைல் இருக்கிறதே, அதற்குப் பெயர் ஏற்கப்பட்ட பிரதி. பல பதிப்பகங்கள் அதைக் களஞ்சியத்தில் போட அனுமதிக்கின்றன. சில உடனே, சில ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து. ஷெர்பா ரோமியோ என்று நெடுநாள் இருந்து இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்று பெயர் மாறியிருக்கிற தளத்தில் ஜர்னல் பெயரைத் தட்டினால் எந்த ஜர்னலுக்கு என்ன விதி என்று வரும். என்னிடம் வந்த ஸ்காலர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அந்த ஃபைலைத்தான் தொலைத்துவிட்டு, அழகாக இருக்கிறதே என்று ஜர்னலின் பி.டி.எஃப்.ஐ மட்டும் வைத்திருந்தார்கள், அதைப் போட அனுமதி கிடையாது. ஏற்றுக்கொண்டோம் என்று மெயில் வருகிற அன்றே அந்த ஃபைலுக்குத் தேதியோடு பெயர் வைத்து, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

ஆறாயிரம் ரூபாய் மெயிலுக்குப் பதில் போடாதீர்கள். வேண்டாம் என்று பதில் போட்டாலும், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு நாலாயிரத்துக்கு இறங்கி வருவார்கள்.